உப்பை அலசச் சொன்ன தீர்ப்பு

முன்னொரு காலத்தில் என்றே வைத்துக்கொள்வோம். நேற்று நடந்தது என்றால் என்னைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். கடலோர ராஜ்யம் ஒன்றின் நீதிசபையில் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. தலைமை நீதிபதி வித்தகராயர். தம்பிகள் இருவர், மருமகன்கள் மூவர், மைத்துனர்கள் இருவர் என எட்டு ஆசனம் நிரம்பியாயிற்று. ஒன்று காலி. அதற்கும் சம்பந்தி புது அங்கவஸ்திரம் வாங்கி வைத்திருந்தார்.

எல்லாம் சட்டப்படிதான். புதிதாக வருகிறவரின் குணத்தைப் பழைய நீதிபதி ஒருவர் நேரில் அறிந்து, அரசவையில் தம் வாயால் சொல்ல வேண்டும். ராயருக்கோ தம் தெருவைத் தாண்டி யாரையும் தெரியாது. வேறு என்ன நடக்கும்?

உப்பளத்து மாடத்தியின் வழக்கு வந்தது. உப்புக் கொட்டகைக்காரன் வேண்டுமென்றே கதவைப் பூட்டிவிட்டதால், அவளுடைய உப்பெல்லாம் மழையில் நனைந்து சேறாகிவிட்டது. ராயர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "சேறு போக நன்றாக அலசிக் காயப்போடு." மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். உப்பளத்தை ஒருவராவது கண்ணால் பார்த்திருந்தால்தானே!

"ஒரு வருசப் பாடு சாமி! அலசுனா கரைஞ்சு போயிருமே. இதை நான் எவர்கிட்டச் சொல்ல?" என்று மாடத்தி விகடகவி சடைமுத்துவிடம் அழுதாள். அவன் நேரே அரசரிடம் போனான்.

"அரசே, காலி ஆசனத்திலாவது வெளியாளை உட்கார வையுங்கள்."

அருகில் இருந்த ராயர் புன்னகைத்தார். "தாராளமாக. ஆனால் சட்டப்படி அவர் நான் அறிந்தவராக இருக்க வேண்டும். எட்டு நாளில் அப்படி ஒருவரைக் காட்டாவிட்டால், இந்தக் கோமாளியை நாடு கடத்த வேண்டும் பிரபு."

அரசருக்குப் பந்தயம் என்றால் சாப்பாடே வேண்டாம். "அப்படியே ஆகட்டும்!" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ராயர் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். "கும்பிடுதேன் சாமி. நான் ஓடக்காரி பூவாயி. என்னைத் தெரிஞ்சுக்கிடுங்க." சடைமுத்துதான் அனுப்பியிருந்தான். ராயர் கதவைச் சாத்தினார். அவள் நகரவில்லை. அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

எட்டாம் நாள் ராயர் தலைப்பாகை கலைய அரசவைக்கு ஓடிவந்தார். பின்னாலேயே பூவாயியும் வந்தாள்.

"பிரபு, இந்த ஓடக்காரியிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்! திட்டினேன், ஒரு சொல் பதில் பேசவில்லை. போய்த்தொலை என்று பட்டுச்சேலை கொடுத்தேன், கையால்கூடத் தொடவில்லை. என் தம்பிகள் இருவரும் வாசலில் சண்டை போட்டால், 'ஒவ்வொருத்தரா சொல்லுங்க' என்று இரண்டு பேரையும் கேட்டுச் சமாதானம் செய்து வைக்கிறாள். நான் குறுக்கே பேசினால், 'உங்க முறை வரட்டும்' என்கிறாள். என்னையே! என் வீட்டிலேயே!"

"அவள் பொய் ஏதும் சொன்னாளா?" என்று கேட்டான் சடைமுத்து.

"பொய் சொல்லியிருந்தால் பிடித்துச் சிறையில் போட்டிருப்பேனே!"

சடைமுத்து அரசரை வணங்கினான். "அரசே, பொறுமை, லஞ்சம் வாங்காமை, இரு பக்கமும் கேட்பது, உண்மை. ஆளை நேரில் அறிந்து, குணத்தைத் தம் வாயாலேயே சபையில் சொல்லிவிட்டார் தலைமை நீதிபதி. வழக்குக்காரர்கள் இரு தரப்பாரும் இவள் ஓடத்தில்தான் ஆறு கடந்து வருகிறார்கள். பாதிப் பேர் கரை சேரும் முன்பே சமாதானமாகித் திரும்பிவிடுகிறார்களாம்."

அரசர் வாய்விட்டுச் சிரித்து, பூவாயியை ஒன்பதாம் ஆசனத்தில் அமரச் சொன்னார். "சடைமுத்து, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு மூட்டை உப்பு போதும் அரசே. ராயர் தம் தீர்ப்பின்படி அதை அலசிக் காயப்போட்டு என்னிடம் கொடுக்கட்டும்."

ராயரும் ஏழு உறவினர்களும் கிணற்றடிக்குப் போனார்கள். மாலையில் ஒரு வெறும் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றிச் சடைமுத்துவின் கழுத்தில் போட்டார்.

பூவாயி சிரிக்கவில்லை. "கொட்டகைக்காரரைக் கூப்பிடுங்க. மாடத்தியக்கா, நீயும் வா. முதல்ல யாரு சொல்லுதீக?" என்றாள்.