பங்கில் எழுதப்பட்ட இருவர்

பழையாற்றின் கரையில் ஒரு சிறு மடம் இருந்தது. அதன் தலைவியான அம்மையாருக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களுள் மூத்தவர் சிவதாணு. அம்மையாரின் தந்தைக்கு நிகரான வயது அவருக்கு. ஆயினும் மடத்துக்குள் நுழைந்தால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்துதான் பேசுவார்.

ஒரு நாள் அவர் கையில் உயிலோடு வந்தார்.

“பதிவும் செய்துவிட்டேன், அம்மை. ஒரு பிள்ளைக்குக் கூடுதல், ஒரு பிள்ளைக்குக் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஏதோ விட்டுப்போயிற்று என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.”

அம்மையார் வாங்கிப் படித்தார். வீடு மகன் மகாதேவனுக்கு. தென்னந்தோப்பு, பேருந்துச் சாலைக்கு அப்பால் வாழும் மகள் பிரமநாயகிக்கு. இரண்டும் ஒரே மதிப்பு உடையவை. அதன்பின் இன்னும் ஒரு பத்தி இருந்தது. மனைவி உலகம்மையும் தம்பி நீலகண்டனும் மாதமுறையில் வாழ வேண்டும் என்றது அது. உலகம்மை மகன் வீட்டில் இருக்கும் மாதம் நீலகண்டன் மகள் வீட்டில் இருப்பார். அடுத்த மாதம் இருவரும் இடம் மாறுவர்.

நீலகண்டனுக்குத் தலை நரைத்துவிட்டது. மனம் மட்டும் பால்பற்களின் வயதிலேயே நின்றுவிட்டது.

இந்த ஏற்பாடு எதற்கு என்று அம்மையார் வினவினார். பெற்றவர்களைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்ப்பது ஊரில் உள்ள வழக்கந்தானே என்றார் சிவதாணு. இருவரையும் ஒரே வீட்டில் விட்டால் ஒரு பிள்ளைக்குப் பாரம் கூடிவிடும். ஆகவே அதையும் சரிபாதி ஆக்கியதாகச் சொன்னபோது, அவர் குரலில் பெருமிதம் இருந்தது.

“விட்டுப்போனதை உயிரோடு இருந்து பார்த்தால் தெரியாது. நாளை விடிந்ததும் நீர் இறந்துவிட்டீர் என்று கொள்ளும்.”

சிவதாணு நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தி வரைதான். பேசக் கூடாது. கண்ஜாடையும் கூடாது. நானும் வந்து உடனிருப்பேன்.”

மறுநாள் காலை அம்மையார் அந்த வீட்டாரையும் பிரமநாயகியையும் கூட்டி வைத்து உயிலைப் படித்துக் காட்டினார். இன்று ஒரு நாள் இதன்படி நடந்துகொள்ளுங்கள் என்றார். தாய்க்கு மகன் பொறுப்பு, சிற்றப்பனுக்கு மகள் பொறுப்பு என்று முதல் முறையையும் அவரே வகுத்தார். சிவதாணு கூடத்து நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்தார்.

பழக்கத்தில் மருமகள் அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். உலகம்மை அதைத் தாமே வாங்கிக் குடித்தார்.

“செத்தவருக்குக் காப்பி எதற்கு? எனக்குக் கழுத்தில் தாலி ஏறிய நாள்முதல் இவர் எதிர்த்துப் பேசாத நாள் இதுதான். அனுபவித்துவிட்டுப் போகிறேன்.”

தோப்பு மோட்டார் அறையின் சாவி எங்கே என்று தந்தையிடம் கேட்க வந்த மகாதேவன், பாதிக் கேள்வியில் நிறுத்திக்கொண்டு, அலமாரி அலமாரியாகத் தேடினான். கிடைக்கவில்லை. சிவதாணுவின் கண் சாவி இருந்த பக்கம் திரும்பப் போனது. அம்மையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமநாயகி வந்து கூப்பிட்டதும் நீலகண்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியாகவே கிளம்பிப் போனார். அவருக்கு அவள்மேல் பிரியம் அதிகம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று சிவதாணுவின் முகம் தெளிந்தது.

உச்சிவேளையில் நீலகண்டன் திரும்பி வந்தார். கையில் வெறுந்தட்டு. பேருந்துகள் ஓடும் சாலையைத் தன்னந்தனியாகக் கடந்து வந்திருந்தார். பின்னாலேயே பிரமநாயகி மூச்சு வாங்க ஓடி வந்தாள். சோறு பரிமாறினேன், தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார், குழம்பு எடுக்கத் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

நீலகண்டன் யாரையும் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய் உலகம்மையின் எதிரில் அமர்ந்து தட்டை வைத்தார். அண்ணி பிசைந்து வைத்தால்தான் அவர் உண்பார். அந்த வீட்டுக்கு உலகம்மை மருமகளாக வந்த காலம்முதல் அப்படித்தான்.

சித்தப்பா இன்று இங்கேயே உண்ணட்டும் என்றான் மகாதேவன்.

“இன்றைக்கு உண்பார். நாளைக்கு? தங்கை வீட்டு மாதத்திலும் நாங்கள்தான் சோறு போட்டோம் என்ற பேச்சு வருமே” என்றாள் பிரமநாயகி.

“நானா அப்படிச் சொல்வேன்?”

“நீ சொல்ல மாட்டாய், அண்ணா. மைனி சொல்வாள்.”

மகாதேவனின் மனைவி பாத்திரத்தைச் சற்று ஓசையோடு கீழே வைத்தாள்.

“அப்படியானால் அம்மாவையும் உன்னோடு கூட்டிக்கொண்டு போ” என்றான் மகாதேவன்.

“இரண்டு பேருமா? இரண்டு பேருமே என் பங்கா?”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. மகாதேவன் தலையைக் குனிந்துகொண்டான். சிவதாணுவின் உதடுகள் பிரிந்தன.

“இறந்தவர் பேசுவதில்லை” என்றார் அம்மையார்.

உலகம்மை சோற்றைப் பிசைந்து கொழுந்தனின் தட்டில் வைத்தார். கையைக் கழுவாமலே அம்மையாரிடம் வந்தார்.

“எனக்கு ஒரு சந்தேகம். மாதம் மாறும்போது என் புடவைகள் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா?”

அம்மையார் மீண்டும் ஒருமுறை உயிலைப் புரட்டிப் பார்த்தார்.

“இல்லை.”

“அவர் அப்படி மறப்பவர் இல்லையே” என்று சொல்லிவிட்டு உலகம்மை உள்ளே போனார்.

விளக்கேற்றும் வேளை வந்தது. அம்மையார் தலையசைத்தார். சிவதாணு நாற்காலியை விட்டு எழுந்து அவரிடம் வந்தார்.

“கண்டுகொண்டேன், அம்மை. அவர்கள் இருவரையும் பிரித்திருக்கக் கூடாது. நாளையே மாற்றி எழுதிவிடுகிறேன். இனி ஒன்றுதான் தெரியவில்லை. இருவரையும் சேர்த்து மகன் பெயருக்கு எழுதட்டுமா, மகள் பெயருக்கு எழுதட்டுமா?”

அம்மையார் உயிலை அவர் கையில் கொடுத்தார்.

“அவர்களை யார் பெயருக்கும் எழுத வேண்டாம். வீட்டை அவர்கள் பெயருக்கு எழுதும்.”