முதல் இலக்கம்

"ஒரு போன் நம்பரைச் சரியா அடிக்கத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றதும்மா?" என்றார் பசுபதி.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்ள மடத்துக்கு வந்தவர் அவர். குருவான மாதங்கி அம்மை அவருடைய மகளைவிடச் சின்னவர்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊரார் தஞ்சம் புகுவது அந்த மடத்தில்தான். வாசல் திரையில் போன் எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும். அந்தத் திரைக்கு நிரல் எழுதியவர் பசுபதி. அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"யாரு வந்தா?"

"ஒரு பொண்ணு. கையில குழந்தை. இப்பத்தான் கேமராவுல பார்த்தேன். முதல்ல எட்டைத் தட்டினா. 'தவறு'ன்னு சிவப்பா வந்துச்சு. அழிச்சிட்டு மறுபடியும் எட்டைத் தட்டினா. மறுபடியும் சிவப்பு. திரும்பிப் போயிட்டா."

"எட்டுல தொடங்குற நம்பரே கிடையாதா?"

"இருக்கே."

"அப்புறம் ஏன் தவறுன்னு சொல்லுச்சு?"

"பத்து இலக்கம் இருக்கணும்னு ரெஜெக்ஸ்ல, அதான் எண்ணோட அமைப்பைச் சரிபார்க்கிற வரியில, எழுதியிருக்கேன். ஒவ்வொரு தட்டுக்கும் அது சரிபார்க்கும். ஒத்தை இலக்கம் எப்படிம்மா அதுல பொருந்தும்? என் வரியில பிழையே இல்ல."

பிழை இல்லைதான். கறாரான வரி. எழுதியவரை அப்படியே உரித்து வைத்திருந்தது.

அம்மை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே மழை வலுத்தது.

"எந்தப் பக்கம் போனா?"

"ஆத்தங்கரைப் பக்கம்."

"போய்க் கூட்டிட்டு வாங்க."

அதுவரை வழக்காடிக்கொண்டிருந்த பசுபதி சட்டென்று எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

"தவறு," என்றார் அம்மை. "நீங்க கரைக்குப் போய்ச் சேரலையே."

ஒன்றும் புரியாமல் அவர் காலை உள்ளே இழுத்தார். பிறகு மறுபடியும் வைத்தார்.

"தவறு. இன்னும் போய்ச் சேரலை."

பசுபதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது? அங்க தண்ணி ஏறிட்டு இருக்கு. குழந்தை நனையுது. நான் இப்பத்தானே காலையே எடுத்து வச்சேன்..."

சொன்னது தன் காதிலேயே விழ, வாசல் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளும் அப்பத்தான் எடுத்து வச்சா," என்ற அம்மை, குடைகூட இல்லாமல் அவரைத் தாண்டி மழையில் இறங்கினார்.