மண்குடம் வெளியே வந்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஏரி வெட்டியவர்கள் எல்லோருக்கும் இடுப்புவலி இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களின் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அது இல்லை.

ஏரிக்கு இரண்டு மதகு. மேல்மதகுத் தண்ணீர் மந்திரி அனந்தபாலரின் உறவுக்காரர் வயல்களுக்கு. கீழ்மதகுத் தண்ணீர் ஏரி வெட்டும் சனங்களின் துண்டு நிலங்களுக்கு. எதைத் திறப்பதென்று முடிவு செய்வது ஏரி வாரியம். வாரியத்தில் இருந்த ஐந்து பேரும் மந்திரியின் ஆட்கள். கீழ்மதகு இரண்டு போகமாகத் திறக்கவே இல்லை.

ஒரு நாள் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. "இம்முறை வாரியத்தை ஊரே தேர்ந்தெடுக்கட்டும். ஆளுக்கோர் ஓலை குடத்தில் போடட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் விகடன் உடும்பன் எழுதிக் கொடுப்பான்."

மந்திரி மனதுக்குள் தலைகளை எண்ணிப் பார்த்தார். ஏரி வெட்டும் சனங்களின் தலைகளே அதிகம். "அரசே, ஓலை போடுவது கொலுமண்டபத்தில். மண் பட்ட எதுவும் உள்ளே வரலாகாது என ஆணையிடுங்கள்" என்றார். பளபளத்த தரையைப் பார்த்து அரசரும் தலையாட்டிவிட்டார்.

ஓலை போடும் நாளில் மருதாயி முந்நூறு பேரோடு வந்தாள். ஏரி வெட்டும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. வாரியத்துக்கும் அவள் பெயரைத்தான் போடுவதாக இருந்தார்கள். வாசற்காவலன் அவள் நகங்களைப் பார்த்தான்.

"மண்ணு இருக்கு. போ, போ."

"மூணு தடவை கழுவிட்டோம்யா. முப்பது வருசத்து மண்ணு, தேய்ச்சாப் போயிருமா? இந்தப் போகமும் தண்ணி வரலன்னா நெலத்த வித்துட்டு ஊரைவிட்டே போகணும். மனசு வையி."

உடும்பன் கேட்டுக்கொண்டிருந்தான். நேரே உள்ளே போனான். ஓலைக்குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

"பிடியுங்கள் அவனை!" என்று கத்தினார் மந்திரி.

"அரச ஆணையைத்தான் நிறைவேற்றுகிறேன், மந்திரியாரே. மண் பட்ட எதுவும் உள்ளே கூடாது. இதுவோ அடி முதல் வாய் வரை மண். அதுவும் மருதாயி வெட்டிய மண்."

"செப்புக்குடம் கொண்டு வாருங்கள்!"

"செம்பு என்ன வானத்திலிருந்தா விழுந்தது? அதையும் ஒருவன் இடுப்பொடியத் தோண்டித்தான் எடுத்தான். தாங்கள் காலையில் உண்ட சோறும் மண்ணில் கிடந்து வந்ததுதான். ஆணைப்படி பார்த்தால் தங்கள் வயிறும் வெளியே வரவேண்டும்."

அரசர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "குடம் ஏரிக்கரையில் இருக்கட்டும். எல்லோரும் அங்கே போய் ஓலை போடுங்கள்!"

கரையில் முழங்கால் சேறு. மந்திரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தார்.

"பாத்து வாங்க சாமி, மண்ணு ஒட்டிக்கிட்டா ஓலை போட விடமாட்டாங்க" என்றாள் மருதாயி.

முந்நூறு பேரும் சிரித்தார்கள். மந்திரி வழுக்கி விழுந்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அவள்தான்.

சாயங்காலம் ஓலைகளை எண்ணியபோது மருதாயி வாரியத் தலைவி. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி உடும்பன் கழுத்தில் போட்டார். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

"நாளை கீழ்மதகு திறந்துவிடும். திருப்திதானே?" என்று கேட்டார் அரசர்.

"நாளைத் தண்ணீர் நாளைப் பயிருக்கு, அரசே. காயப்போட்ட இரண்டு போகத்துக்கு?" என்றான் உடும்பன்.

அரசரின் சிரிப்பு நின்றது.

கீழ்மதகுச் சனங்களுக்கு இரண்டு போகத் தண்ணீர் இன்னும் பாக்கி.