புதன்கிழமை பிறக்காத வருஷம்

இந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் நான் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிவேன்.

என் பெயர் கூத்தபிரான். செங்கழித்துறையை ஆண்ட இரவிமாற ராஜாவின் ஆஸ்தான ஜோசியன். அமாவாசை எப்போது, கிரகணம் எப்போது என்று நாழிகை பிசகாமல் சொல்வேன். அதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது என்பது எனக்கே அப்போது தெரியாது.

அதே சபையில் ஓபதியா இருந்தார். யூதர். கப்பலில் வரும் அயல்நாட்டார் பேசுவதை ராஜாவுக்குத் தமிழில் சொல்லும் துபாஷி. அவர் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். நான் திறந்தால் கொட்டாவி விடுவார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போக இது போதாதா?

ஒரு சித்திரையில் ஓபதியா தங்கள் பஸ்கா பண்டிகையை எட்டு நாள் கொண்டாடிவிட்டுச் சபைக்குத் திரும்பினார். நான் எழுந்தேன்.

"மகாராஜா, போன வருஷம் இதே பண்டிகை பங்குனியில் வந்தது. இந்த வருஷம் சித்திரையில் வருகிறது. இவருக்கு எப்போது ஓய்வு வேண்டுமோ அப்போது பண்டிகை வருகிறது போலிருக்கிறது."

ஓபதியா கோபப்படவில்லை. "நாங்கள் நிலாவை வைத்து மாதம் எண்ணுகிறவர்கள், மகாராஜா. பன்னிரண்டு மாதம் எண்ணி முடித்தால் சூரிய வருஷத்துக்குப் பதினொரு நாள் குறையும். அப்படியே விட்டால் வசந்தகாலப் பண்டிகை மழைக்காலத்துக்கு ஓடிவிடும். அதனால் பத்தொன்பது வருஷத்தில் ஏழு முறை பதின்மூன்றாவது மாதம் ஒன்றைச் சேர்ப்போம். ஜோசியருடைய பஞ்சாங்கத்திலும் அதிக மாதம் உண்டு. அவர் சேர்த்தால் சாஸ்திரம், நான் சேர்த்தால் சோம்பேறித்தனம்."

ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது. இந்த மனிதரைத் துரத்தாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சோழிகளைப் பரப்பிக் கணக்குப் போட்டேன். நிலா பிறக்கும் நாளில் தங்களுக்கு மாதம் பிறக்கும் என்றும், ஆண்டுப் பிறப்பு புரட்டாசியை ஒட்டி வரும் என்றும் ஒருமுறை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அந்த வருஷம் புரட்டாசி அமாவாசை முடிந்து நிலா பிறப்பது புதன்கிழமை காலை. எங்கள் சபை கூடுவது ஞாயிறு, புதன், வெள்ளி. எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுசபையில் ராஜாவிடம் சொன்னேன். "சபை நாளில் துபாஷி இல்லையென்றால் கப்பல்காரர்கள் காத்துக் கிடக்கிறார்கள். இவருடைய ஆண்டுப் பிறப்பு இனிமேல் சபை நாளில் விழுந்தால் பதவியை விட்டு விலகட்டும்."

ராஜாவுக்கு மனமில்லை. ஆனாலும் கப்பல்காரர்களின் முணுமுணுப்பு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "என்ன சொல்கிறாய், ஓபதியா?"

ஓபதியாவின் கை நடுங்கியது. "ஞாயிறு, புதன், வெள்ளி. ஏழு நாளில் மூன்று போய்விட்டதே. ஜோசியரே, புதனை மட்டுமாவது விட்டுவிடக் கூடாதா?"

"கூடாது."

"அப்படியானால் ஓலையில் எழுதிவிடுங்கள். நாளைக்கு இன்னொரு நாளையும் சேர்த்தீர்களென்றால் தாங்க மாட்டேன்."

என் கையாலேயே எழுதினேன். ராஜா முத்திரை வைத்தார். அடுத்த துபாஷியாக என் மைத்துனனைத் தயார் செய்தேன். அவனுக்குத் தெரிந்த ஒரே மொழி தமிழ், அதிலும் திக்குவான்.

அந்தப் புதன்கிழமை வந்தது. புது வேஷ்டி உடுத்தி, மைத்துனனையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனேன். எங்களுக்கு முன்பே ஓபதியா வந்து, ஓர் அரபு மாலுமியின் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்று உங்கள் ஆண்டுப் பிறப்பு அல்லவா?" என்றேன்.

"இல்லை, நாளைக்கு. எங்களுக்கு நாள் மாலையில் தொடங்கும். இன்று பொழுது சாய்ந்ததும் எங்களுக்கு வியாழன், அப்போது வருஷம் பிறந்துவிடும்."

"நிலா இன்று காலையே பிறந்துவிட்டது."

"உங்கள் கணக்கு பிசகாது, ஜோசியரே. நிலா வந்துவிட்டது. நாங்கள்தான் வருஷத்தை ஒரு நாள் நிறுத்தி வைத்திருக்கிறோம்."

ராஜா நிமிர்ந்தார். "என் ஓலைக்குப் பயந்தா?"

"இல்லை, மகாராஜா. வயிற்றுக்குப் பயந்து. ஆண்டு பிறந்த பத்தாம் நாள் எங்களுக்குப் பெரிய நோன்பு. ஆண்டு புதனில் பிறந்தால் நோன்பு வெள்ளியில் விழும். மறுநாள் சனி, எங்கள் ஓய்வுநாள். இரண்டு நாளும் அடுப்பு மூட்டக் கூடாது. வியாழக்கிழமை வடித்த சோறு சனிக்கிழமைவரை தாங்குமா? பாவத்தைக் கடவுள் மன்னிப்பார் என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். வயிறு மன்னிக்கும் என்று நம்பவில்லை. ஞாயிற்றுக்கும் வெள்ளிக்கும் வேறு வேறு இடைஞ்சல்கள். அதனால் எங்கள் வருஷம் இந்த மூன்று கிழமைகளிலும் பிறக்கவே பிறக்காது."

நான் எழுதிக் கொடுத்த அதே மூன்று கிழமைகள். என் மைத்துனன் திக்காமல் கேட்ட முதல் கேள்வி அன்றுதான் வந்தது. "அத்தான், வீட்டுக்குப் போகலாமா?"

"தெரிந்திருந்தும் அன்று ஏன் நடுங்கினீர்?" என்று ஓபதியாவிடம் கேட்டேன்.

"நடுங்காவிட்டால் நீங்கள் வியாழக்கிழமையையும் சேர்த்திருப்பீர்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஓபதியாவுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

ஓபதியா தலையைச் சொறிந்தார். "எங்கள் ஆண்டுப் பிறப்பு இரண்டு நாள் கொண்டாட்டம், மகாராஜா. ஓலையில் பிறக்கும் நாளைப் பற்றித்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, சபை நாள்."

"நிலாவே உனக்காகக் காத்திருக்கிறது, என் சபை காத்திருக்காதா? சனிக்கிழமை கூடுவோம்."

"சனிக்கிழமை ஓய்வுநாள்."

ராஜா அவரையே பார்த்தார். "ஞாயிறு?"

"அன்று ஒரு சின்ன நோன்பு. உண்மையில் அது சனிக்கிழமை வரவேண்டியது. ஓய்வுநாளில் வந்ததால் அதையும் தள்ளி வைத்தோம். ஆனால் வேலைக்கு வரலாம், மகாராஜா. வந்துவிடுகிறேன். சபையில் தரும் பாயசத்தில் என் பங்கை மட்டும் ஜோசியருக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் இரண்டு கிண்ணம் வைத்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டையும் குடித்துவிட்டு வந்தேன்.