வித்வான் கண்டுகொண்ட முகம்

முதல் உலகப் போர் மூள்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், சென்னையின் ஒரு வாரப் பத்திரிகைக்கு மரக்கட்டையில் கேலிச்சித்திரம் செதுக்கிவந்தார் தெய்வநாயகம். அந்த வாரப் படத்தில் ஐரோப்பிய அரசர்கள் இரு கூட்டணிகளாக முறைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவே ஒரு புலவர் இரு பக்கமும் வாழ்த்துப்பா நீட்டிக்கொண்டிருந்தார்.

படம் வெளிவந்த காலையே மகாவித்வான் வைத்திலிங்கனார் அச்சகத்துக்குள் நுழைந்தார்.

"ஆசிரியரே, அந்தப் புலவர் நானில்லை என்று உம்முடைய ஆள் இப்போதே நிரூபிக்கட்டும். இல்லையென்றால் அவனை வேலையைவிட்டு அனுப்பும்! கவர்னர் மாளிகைவரை எனக்குச் செல்வாக்கு உண்டு."

ஆசிரியர் தெய்வநாயகத்தைக் கூப்பிட்டார். தெய்வநாயகம் கட்டையைத் துடைத்து வித்வான் முன் வைத்தார்.

"ஐயா, புலவரின் முகத்தை நான் செதுக்கவே இல்லை. செதுக்காத இடம் அச்சில் வெறும் கறுப்பாக விழும். எதை வைத்து அது தாங்கள்தான் என்கிறீர்கள்?"

"அந்தத் தலைப்பாகை?"

"ஊரில் பாதிப் பேர் கட்டுவதுதானே, ஐயா."

"தொந்தி?"

"அது மீதிப் பேருக்கு உண்டு."

வித்வானுக்குக் கோபம் தலைக்கேறியது. "அட மூடா! ஒரே பாட்டைப் பெயர் மட்டும் மாற்றி இரண்டு கூட்டணிக்கும் அனுப்பியவன் இந்த ராஜதானியில் என்னைத் தவிர வேறு எவன்?"

அச்சுக்கோப்பவர்களின் கைகள் அப்படியே நின்றன. அதுவரை ஒருவருக்கும் தெரியாத செய்தி அது.

"எனக்கும் தெரியாது, ஐயா," என்றார் தெய்வநாயகம் பணிவாக. "இதையே எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். படத்துக்கு விளக்கமாக வெளியிட்டு, கவர்னர் மாளிகைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறோம்."

வித்வான் அங்கவஸ்திரத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மூன்றாம் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கேலிச்சித்திரம் மறுவாரம் முதற்பக்கத்தில் வந்தது. அதன் மூலையில், ஆசிரியரின் உத்தரவுப்படி, தெய்வநாயகத்தின் பெயரும் இருந்தது.