கீரியும் கரிச்சானும் கதண்டுக் கூடும்

பனங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு கீரியும் ஒரு கரிச்சான் குருவியும் மூன்று மழைக்காலமாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கீரி நான்தான்.

பேச்சு நின்ற காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். ஒருநாள் தாழம்புதருக்குள் ஒரு நல்ல பாம்பு நீளமாகக் கிடந்தது. பாய்ந்தேன். கழுத்தைக் கவ்வினேன். உதறினேன். அதோடு சேர்ந்து உருண்டேன். குளத்துப் பிராணிகள் எல்லாம் கூடி நின்று பார்த்தன. எனக்கு இன்னும் வேகம் கூடியது. வெகுநேரம் கழித்து, பனைமட்டை மேல் உட்கார்ந்திருந்த கரிச்சான் வாயைத் திறந்தான்.

"பெரியவரே, பாம்பு போய் நாலு நாளாச்சு. அது கழட்டிப் போட்ட சட்டையை எதுக்குப் போட்டு அடிக்கீரு?"

குளமே சிரித்தது. நத்தைகூடச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் கரிச்சான் காடு முழுக்கப் பறந்து போய்ச் சொல்லிவிட்டான். அந்தச் சட்டை காற்றில் அசைந்தது. உயிருள்ளது போலவே அசைந்தது. இதை நான் இன்றைக்கும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

எங்கள் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முறிந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், ஆமை வழியாகத்தான் சொல்ல வேண்டும். ஆமை நடுவில் உட்காருவார். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் திரும்பி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லுவார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை அதிகம்.

"ஆமையாரே, தண்ணி குடிக்க வந்தா வாலை உள்ளே விட்டுக் கலக்க வேண்டாம்னு அவர்ட்ட சொல்லும்" என்பான் கரிச்சான்.

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டுவார். தொண்டையைச் செருமுவார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"கீரி அண்ணாச்சி, தண்ணீர் குடிக்க வந்தால் வாலை உள்ளே விட்டுக் கலக்க வேண்டாமாம்."

கரிச்சான் சொன்னது எனக்கு முதலிலேயே கேட்டிருக்கும். இரண்டு முழத் தூரத்தில்தானே இருக்கிறான். ஆனாலும் கேட்காதவன்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆமை சொன்ன பிறகுதான் கோபப்படுவேன். அதுவரை கோபத்தை அடக்கி வைப்பதுதான் கஷ்டம்.

"வால் என்னோடது, குளம் எல்லாருக்கும் உள்ளதுன்னு சொல்லும்" என்பேன். ஆமை மறுபடி கழுத்தைத் திருப்புவார். ஒரு சின்னச் சண்டை முடிய ஒரு காலைப்பொழுது ஆகும். எங்களுக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, ஒரு கோடையில் ஒரு சின்னக் குளவி என் மூக்கில் கொட்டியது. கொட்டியது மூக்கில். ஆனால் வயிறு தடித்தது, முதுகு தடித்தது, காது மடல் தடித்தது. உதடு வீங்கி, என் முகம் எனக்கே தெரியவில்லை. யாரும் வெளியே தலைகாட்டாத உச்சி வெயிலில் எதிர்க்கரைக்கு ஓடினேன். அங்கே பட்டுப்போன இலுப்பை மரத்தில் மரங்கொத்தி டாக்டரம்மா இருந்தார்கள். எங்கள் காட்டில் யாருக்கு என்ன நோவு என்றாலும் அந்த அம்மாதான் பார்ப்பார்கள். மருந்தை அலகில் தோய்த்து ஒரே கொத்து. அதுதான் ஊசி.

டாக்டரம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"குளவிக்கடி உமக்கு ஆகாது. இந்தத் தடவை தோலோட போச்சு. அடுத்த தடவை மூச்சைப் பிடிச்சாலும் பிடிக்கும். கொட்டின உடனே எனக்கு ஆள் விடணும். அதுக்கு உம்ம பக்கத்துல இருக்கவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். எல்லார்ட்டயும் சொல்லி வையும்."

"அம்மா, நல்ல பாம்போட சண்டை போடுறவன் நான். ஒரு குளவிக்குப் பயந்தவன்னு..."

"பாம்பா, சட்டையா?" என்று கேட்டார்கள் டாக்டரம்மா.

அந்தக் கதை எதிர்க்கரை வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தவளையிடம் சொன்னால் கரிச்சானுக்குத் தெரியும். கரிச்சானுக்குத் தெரிந்தால் காட்டில் அதைக் கேள்விப்படாத காது இருக்காது. இரண்டு நாள் வளைக்குள் கிடந்தேன். வெளியே வந்தபோது கேட்டவர்களிடம் விரதம் என்று சொன்னேன்.

அடுத்த வருஷம் ஆவணி மாதம் ஒரு காலையில் எலி பிடிக்கக் கிளம்பினேன். கரையிலிருந்து எலி வளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று சாய்ந்த பனைக்கு அடியில் போகும். இன்னொன்று ஓடையைச் சுற்றிப் போகும். நான் எப்போதும் பனை வழியில்தான் போவேன்.

கரிச்சான் வேகமாகப் பறந்து வந்து ஆமையின் பக்கத்தில் இறங்கினான்.

"ஆமையாரே, சாஞ்ச பனையில கதண்டு கூடு கட்டியிருக்கு. பானை அளவுக்குத் தொங்குது. இன்னைக்கு ஓடை வழியாப் போகச் சொல்லும்."

கதண்டு என்றால் பனையில் கூடு கட்டுகிற பெரிய குளவி. சின்னக் குளவிக்கே என் உடம்பு பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஆமை இன்னும் திரும்பவில்லை. ஆகவே நான் இன்னும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தேன்.

ஆமை செருமினார். திரும்பினார். சொன்னார்.

ஓடை வழியாகப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சொன்னவன் யார்? என்னைக் காட்டுக்கே வேடிக்கையாக்கியவன். அவன் சொல்லி நான் வழி மாறுவதா?

"என் வழி எனக்குத் தெரியும்னு சொல்லும்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாய்ந்த பனைக்கே போனேன்.

கதண்டு வீணாகக் கொட்டாது. அதன் மேல் பழி போட மாட்டேன். சத்தம் காட்டாமல் போயிருந்தால் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன்? கரிச்சானுக்குக் கேட்க வேண்டும் என்று, பனையில் சாய்ந்திருந்த காய்ந்த மட்டையைக் காலால் ஓங்கி உதைத்தேன். மட்டை படபடவென்று மரத்தில் மோதி விழுந்தது. மேலே பானை கொதித்தது.

காதில் ஒன்று. கழுத்தில் ஒன்று. முதுகில் ஒன்று. மூன்றே மூன்று. நல்ல பாம்பைத் துரத்துகிற வேகத்தைவிட அதிக வேகத்தில் கரைக்கு ஓடி வந்தேன்.

முதலில் உள்ளங்கால் அரித்தது. பிறகு உடம்பெங்கும் தடித்தது. உதடு கனத்தது. தலை சுற்றியது. தொண்டைக்குள் யாரோ கயிற்றை மெல்ல இறுக்குவதுபோல இருந்தது. டாக்டரம்மா சொன்ன அடுத்த தடவை இதுதான் என்று தெரிந்துபோயிற்று.

தவளை எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணாச்சி, மூஞ்சி பலாப்பழம் மாதிரி ஆயிட்டு? கொஞ்சம் சேறு அள்ளிப் பூசட்டா?"

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அது பூசியேவிட்டது.

கரிச்சான் பதறி இறங்கினான். "ஆமையாரே, அவருக்கு என்ன செய்யுதுன்னு கேளும்."

ஆமை செருமினார். "கீரி அண்ணாச்சி, உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறார்."

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லும்" என்றேன். சத்தம் பாதிதான் வந்தது.

ஆமை கழுத்தைத் திருப்பினார். "ஒன்றும் இல்லையாம்."

"மூச்சு இழுக்குதேன்னு கேளும்."

ஆமை கழுத்தை என் பக்கம் திருப்பத் தொடங்கினார். அந்தக் கழுத்து வந்து சேர்வதற்குள் நான் ஐந்து முறை மூச்சுக்குத் தவித்தேன். அவ்வளவு நீளக் கழுத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"மூச்சு இழுக்கிறதே என்கிறார்."

டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். குளத்தில் அவ்வளவு தூரம் சட்டென்று போகக்கூடியவன் ஒருவன்தான். அவனிடம் நான் பேசுவதில்லை. ஆமையிடம் சொன்னேன். தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"சரியாகக் காதில் விழவில்லை. முதலிலிருந்து சொல்லுங்கள், அண்ணாச்சி. ஒரு சொல் மாறினாலும் எனக்குப் பழி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் இருந்தது இன்னும் ஒரே ஒரு வாக்கியத்துக்கான மூச்சு. அதை ஆமைக்குக் கொடுத்தால், அவர் திரும்புவதற்குள் நான் போய்விடுவேன். ரோஷத்தோடு போவேன். பெரிய மரியாதைதான்.

தலையைத் திருப்பி, மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு கரிச்சானை நேராகப் பார்த்தேன்.

"லேய், எனக்குக் குளவி ஆகாது. டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா."

ஆமை திடுக்கிட்டார். "இது என் வழியாக வர வேண்டிய பேச்சு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கரிச்சான் தண்ணீருக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளியாகிவிட்டான்.

அவன் திரும்பி வந்த நேரம் எனக்கு நினைவில்லை. தொடையில் சுரீரென்று ஒரு கொத்து விழுந்தது. அதுதான் நினைவு. கண் திறந்தேன். டாக்டரம்மா அலகைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு தளர்ந்தது. காற்று உள்ளே வந்தது. காற்றுக்கு இவ்வளவு ருசி உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கரிச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று எழுந்து நிற்கப் பார்த்தேன்.

"எந்திரிக்காதீரும்" என்று அதட்டினார்கள் டாக்டரம்மா. "எழுந்து நின்னா மயங்கி விழுவீரு. காலை நீட்டிச் சாஞ்சு இரும். ஆமையாரே, இங்க வாரும். உம்ம ஓடு இவருக்கு முதுகு சாய உதவட்டும். யாரு இந்தச் சேத்தைப் பூசினது?"

தவளை தண்ணீருக்குள் குதித்தது.

"போன வருசமே சொன்னேன்ல? எல்லார்ட்டயும் சொல்லி வையும்னு?"

கரிச்சான் சட்டென்று நிமிர்ந்தான். "போன வருசமேவா? தெரிஞ்சேவா பனைக்குப் போனாரு?"

நான் வானத்தைப் பார்த்தேன். நடுவில் ஆமை இல்லை. அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். ஆகவே எனக்குக் கேட்கத்தான் செய்தது.

"இன்னும் முடியல்ல" என்றார்கள் டாக்டரம்மா. "நல்லா ஆன மாதிரி இருந்து, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வரும். பொழுது சாயுற மட்டும் யாராவது கண்ணை எடுக்காமப் பாக்கணும். மூச்சு இழுத்தா உடனே என்னைக் கூப்பிடணும்."

"நான் பார்க்கிறேன்" என்றார் ஆமை, முதுகுக்குப் பின்னாலிருந்து.

"நீரு திரும்பிப் பாக்குறதுக்குள்ள இவருக்குப் பதினாறாம் நாள் வந்துரும்" என்றார்கள் டாக்டரம்மா.

கரிச்சான் என் எதிரே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். பகல் முழுக்க அங்கேயே இருந்தான். பக்கத்தில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. அதைப் பிடிக்கக்கூடத் தலையைத் திருப்பவில்லை.

பொழுது சாய்ந்தது. வீக்கம் வடிந்தது. அவன் சிறகை உதறிக்கொண்டான்.

"நான் கிளம்புதேன், பெரியவரே."

"இதையும் போய் எல்லார்ட்டயும் சொல்லுவியோ?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். உம்ம சட்டைக் கதையைச் சொன்னதுக்கே மூணு வருசம் இந்த ஆமைகிட்ட மாட்டிக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் யோசித்தேன். எனக்கு இது வராத வேலை. இவன் வாயை அடைக்க வேண்டும் என்று மூன்று மழைக்காலம் ஆசைப்பட்டவன் நான். இன்றைக்கு என் உயிர் அந்த வாயில் இருக்கிறது.

"சொல்லு" என்றேன். "ஒரு வீடு விடாமச் சொல்லு. கீரிக்குக் குளவி ஆகாது, கொட்டினா உடனே டாக்டரம்மாவைக் கூப்பிடணும்னு சொல்லு. உன் அளவுக்கு வாய் நீளம் இந்தக் காட்டுல யாருக்கு இருக்கு?"

மறுநாள் விடிவதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பேச்சுவாக்கில் பாம்புச் சட்டைக் கதையையும் புதிதாக இன்னொரு முறை சொல்லியிருக்கிறான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது எங்கே குளவிக் கூடு கண்டாலும் முயல் வந்து சொல்கிறது, உடும்பு வந்து சொல்கிறது, நத்தைகூட வந்து சொல்கிறது. நத்தை வருவதற்குள் கூடு காலியாகிவிடும். அது வேறு விஷயம். நானும் ஓடை வழியாகவே போகிறேன்.

ஆமைக்குத்தான் வருத்தம். தன்னைத் தாண்டிப் பேசிவிட்டோம் என்று எங்கள் இருவரிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் தவளை வழியாகச் சொல்லி அனுப்புகிறோம்.

தன் உடம்புக்கு ஆகாததை நாலு பேரிடம் சொல்ல வெட்கப்படுகிறவன், உதவி கேட்க வேண்டிய நேரத்தில் குரல் இல்லாமல் கிடப்பான்.