தேங்காய் உடைத்த சுவர்

கிட்ட வந்து உட்காருங்க, முப்பிடாதி கதை சொல்றேன்.

சித்தாளாக இருந்து கான்ட்ராக்டர் ஆனவள் அவள். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை கட்டும் வேலை அவளுக்கு வந்தது. "தீபாவளிக்குள்ள கடை திறக்கணும். பிந்தினா இந்த ஊர்ல நீ கொத்துக்கரண்டி பிடிக்க முடியாது" என்றார் முதலாளி சிதம்பரலிங்கம். சொன்னவரே தினம் வந்து, கட்டின சுவரை இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டச் சொன்னார்.

முப்பிடாதி ஒரு யோசனை பண்ணினாள். அன்றிலிருந்து, எந்தச் சுவருக்கும் முதல் வரிசை செங்கல் வைத்ததுமே மஞ்சள், குங்குமம் வைத்தாள். "ராசியான கை முதலாளி, நீங்களே உடைங்க" என்று தேங்காயை நீட்டினாள். அவரும் பூரித்துப்போய் உடைத்தார்.

மறுவாரமே, "மாடிப்படிய அந்தப் பக்கம் மாத்து" என்றார்.

"மாத்திடலாம் முதலாளி. நீங்க பூசை போட்ட கல்லு, முதல் கல்லை நீங்களே பேர்த்துக் குடுத்திருங்க" என்று கடப்பாரையை நீட்டினாள்.

முதலாளி மஞ்சளைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கட்டடம் எழும்பின வேகத்தை என்ன சொல்ல! ஒரு செங்கல் வீணாகவில்லை. ஊர் சனம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றது. தீபாவளிக்கு முன்னாலேயே கடை திறந்தாச்சு.

திறப்பு அன்றைக்கும், "முப்பிடாதி, இந்த வாசலை மட்டும்..." என்று முதலாளி இழுத்தார்.

அவள் ஒரு தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.